என் கைமேல் கை வைத்தவர்களுக்கு

அன்புள்ள சக சிறைக் காவலர்களுக்கும், என்னைத் தூக்கி நிறுத்திய எல்லோருக்கும்,

குடியை விட்டு 14 மாதம் ஆகிறது. நன்றி சொல்ல இவ்வளவு தாமதித்ததற்கு மன்னியுங்கள்.

முதல் நன்றி என்னோடு நைட் பாரா பார்த்த அண்ணனுக்கு. அன்று விடிகாலை செல் கதவைத் திறக்கப் போனேன். கை நடுங்கிய நடுக்கத்தில் சாவி துவாரத்தில் நுழையவே இல்லை. கொத்து கதவில் பட்டுக் கடகடவென்று சத்தம். நீங்கள் ஒன்றும் பேசாமல் என் கைமேல் கை வைத்துச் சாவியைத் திருப்பினீர்கள். டூட்டி முடிந்து வெளியே வந்த பிறகுதான், "எத்தனை நாளா தம்பி இப்படி?" என்று கேட்டீர்கள். மூடி மறைக்கவும் இல்லை, போட்டுக் கொடுக்கவும் இல்லை. "நானும் கூட வர்றேன், நாமே போய்ச் சொல்லிடலாம்" என்று கண்காணிப்பாளர் அறைக்குக் கூட்டிப் போனீர்கள்.

ஐயா, நீங்கள் மெமோ கொடுப்பீர்கள் என்று நினைத்தேன். மருத்துவ விடுப்பு கொடுத்தீர்கள். திரும்பி வந்ததும் கொஞ்ச காலம் சாவிப் பொறுப்பிலிருந்து மாற்றினீர்கள். அப்போது கோபம் வந்தது. செய்தது சரிதான்.

"இன்றோடு ஒரு சொட்டு தொட மாட்டேன்" என்று வீராப்பாகச் சொன்னபோது தடுத்தாரே, அந்த டாக்டருக்கு நான் உயிரே கடன்பட்டிருக்கிறேன். வருஷக்கணக்கில் தினமும் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், அப்புறம் புத்தி தடுமாறி இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம் என்று பொறுமையாகச் சொல்லி அட்மிட் செய்தார். குடிப்பழக்கம் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று பார்க்கும் உலக சுகாதார நிறுவனத்தின் 10 கேள்வித் தாளை அவர்தான் நீட்டினார். 8 மதிப்பெண்ணே எச்சரிக்கை, எனக்கு 27.

பெயர் சொல்ல முடியாத ஒரு கைதிக்கும் நன்றி. "சார், நானும் இப்படித்தான் ஆரம்பிச்சேன்" என்றார், அவ்வளவுதான். என் பலவீனத்தை வைத்து அவர் எதை வேண்டுமானாலும் உள்ளே கொண்டுவரச் சொல்லியிருக்கலாம். நானும் மாட்டியிருப்பேன்.

அலமாரியில் ஒளித்த பாட்டிலைப் பார்த்தும் பிள்ளைகள் முன் என்னைத் தலைகுனிய விடாத என் மனைவிக்கு நன்றி என்பது சின்னச் சொல்.

கடிதத் தாளில் போதை மருந்தை ஊற வைத்து அனுப்புவதை எப்படிப் பிடிப்பது என்று எங்களுக்குப் பயிற்சி உண்டு. எங்கள் குடியைப் பற்றி, தூக்கம் வராமல் போடும் மாத்திரையைப் பற்றி ஒருவரும் பேசியதில்லை. ஜூன் 26, போதைப்பொருள் ஒழிப்பு நாளில் கைதிகளை உட்கார வைத்து நாங்கள் சுற்றி நிற்போம். இந்த வருஷம் நாங்களும் உட்கார்ந்தோம். அதற்கு ஏற்பாடு செய்த ஆலோசகர் அம்மாவுக்குத் தனி நன்றி. அந்த 10 கேள்வித் தாளை எல்லோருக்கும் கொடுத்தார். பெயர் எழுதச் சொல்லவில்லை.

எனக்குப் பக்கத்தில் இருந்த தம்பி, தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நாளை நைட் பாரா எங்கள் இருவருக்கும். டூட்டி முடிந்து வெளியே வந்ததும் கேட்கலாம் என்றிருக்கிறேன்.

நன்றியுடன்,
உங்களில் ஒருவன்