சிந்திய பெட்ரோலுக்குச் சம்பளத்தில் பிடித்தமா? எங்கள் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். நம் விமானப் பயிற்சிப் பள்ளியின் விமானக் கொட்டகைக் கதவில் சென்ற வாரம் ஒட்டப்பட்ட அறிவிப்பைப் படித்தோம். எரிபொருள் நிரப்பும்போது கீழே சிந்துகிற ஒவ்வொரு லிட்டருக்கும் உரிய விலை, நிரப்பிய ஊழியரின் சம்பளத்தில் பிடிக்கப்படும் என்று அதில் இருந்தது. கையொப்பமும் முத்திரையும் சரியாக இருந்தன. ஏன் சிந்துகிறது என்பது மட்டும் இல்லை. அந்த விடுபட்ட பகுதியை எழுதவே இந்த மடல்.

இப்போது ஏணியில் ஏறிக் கேனால்தான் எரிபொருள் ஊற்றுகிறோம். அதற்குப் பதிலாகப் பீப்பாயிலிருந்து குழாய் வழியே ஏற்றும் கைப்பம்ப் கேட்டு நாங்கள் கொடுத்த கோரிக்கைகள் உங்கள் கோப்பில் இருக்கின்றன. முன்கதையைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. ஏணியின் மேல் நடப்பதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். அறிவிப்பை எழுதியவர் அந்த ஏணியில் ஏறிப் பார்த்ததாக எங்களில் யாருக்கும் நினைவில்லை.

நம்மிடம் இருப்பது செஸ்னா 172 என்ற சிறிய பயிற்சி விமானம். உடலுக்கு மேலே இறக்கை அமைந்த வகை. எரிபொருள் தொட்டிகள் இரண்டும் இறக்கைகளுக்குள் இருக்கின்றன. மூடியோ இறக்கையின் மேற்புறத்தில், தரையில் நிற்பவனின் தலைக்கும் மேலே. இரண்டும் காலியாக இருந்தால் 200 லிட்டருக்கு மேல் பிடிக்கும். 20 லிட்டர் கேன் கணக்கில் பத்து கேன். ஏவ்கேஸ் என்கிற விமான பெட்ரோல் தண்ணீரைவிட இலேசானது, லிட்டருக்கு ஏறக்குறைய 720 கிராம்தான். ஆனாலும் கேனின் எடையையும் சேர்த்தால் 15 கிலோவைத் தாண்டுகிறது. அதைத் தோளுக்கு ஏற்றி, மடக்கு ஏணியில் ஏறி, இறக்கையில் கீறல் விழாமல் சாய்த்து, புனலுக்குள் ஊற்ற வேண்டும். ஒரு கை கேனின் கைப்பிடியில். இன்னொரு கை கேனின் அடியில். புனலை யார் பிடிப்பது? ஏணியைப் பிடிக்கக் கீழே ஓர் ஆள் இருந்தால் அன்று நல்ல நாள். பெரும்பாலான நாட்களில் அவரை வேறு வேலைக்கு அனுப்பிவிடுகிறீர்கள்.

கேனைச் சாய்த்ததும் எரிபொருள் ஒழுங்காக இறங்கிவிடாது. வெளியே போகிற அளவுக்குக் காற்று உள்ளே புக வேண்டும். இரண்டுக்கும் இருப்பது ஒரே வாய். அதனால் குபுக் குபுக்கென்று துப்பித் துப்பித்தான் விழும். வடிகட்டி வைத்த புனலோ மெதுவாக வாங்கும். கேன் துப்பும் வேகமும் புனல் வாங்கும் வேகமும் ஒத்துப் போவதில்லை. மிச்சம் எங்கள் முழங்கையில் வழிந்து, சட்டைக்குள் இறங்கி, பிறகுதான் தரைக்கு வருகிறது. தரைக்கு வந்ததை அறிவிப்பில் கணக்கெடுத்திருக்கிறீர்கள். உடம்பில் வழிந்ததையும் பிடித்தத்தில் சேர்ப்பீர்களா, அல்லது அது எங்களுக்குச் சலுகையா? ஏவ்கேஸ் 100 எல்எல் என்பது ஈயம் கலந்த பெட்ரோல். சாலையில் ஓடும் வண்டிகளுக்கு அந்த ஈயம் ஆகாது என்று நாடே கைவிட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. எங்கள் தோலுக்கு அது ஆகுமென்று யார் முடிவு செய்தார்கள் என்று தெரியவில்லை.

இதில் ஆடி மாதம் வேறு. சேர்வராயன் மலையடிவாரத்துத் திறந்தவெளியில் அம்மியை நகர்த்தும் காற்று அடிக்கும்போது, ஏணி உச்சியில் நிற்பவன் ஊற்றுகிற பெட்ரோல் புனலுக்குள்தான் விழ வேண்டும் என்று சட்டம் போடலாம். காற்று அதைப் படிக்காது. காற்றின் சம்பளத்தில் பிடிக்க வழியிருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள்.

எங்களுக்கு வேண்டியது ஒரு கைப்பம்ப். பீப்பாய் ஒரு தள்ளுவண்டியில் தரையிலேயே நிற்கட்டும். அதன் வாயில் கையால் சுற்றும் பம்ப், வழியில் தண்ணீர் பிரிக்கும் வடிகட்டி, போதிய நீளத்துக்குக் குழாய், முனையில் விசையை விட்டால் அடைத்துக்கொள்ளும் பிடி. ஏணியில் நிற்பவன் தூக்க வேண்டியது அந்தப் பிடியை மட்டும். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றியவர்கூடப் பீப்பாயில் பம்ப் வைத்துத்தான் எடுத்தார். அவர் யாரையும் வானத்தில் பறக்கவிடவில்லை.

சென்ற முறை கேட்டபோது, "ஒரு குழாயைப் போட்டு உறிஞ்சிவிட்டால் தானாக இறங்குமே" என்று பதில் வந்தது. கேன் தொட்டியைவிட உயரத்தில் இருந்தால் இறங்கும். அந்த உயரத்துக்குக் கேனைத் தூக்குவதுதானே ஐயா எங்கள் பிரச்சினை! ஈய பெட்ரோலை வாயால் உறிஞ்சச் சொன்னதைப் பற்றி நான் எதுவும் எழுதாமல் விடுகிறேன்.

சிந்துவதைவிடப் பெரிய கவலைகள் இரண்டு உண்டு. பெட்ரோல் ஊற்றும்போது நிலைமின்சாரம் உருவாகும், அதிலிருந்து பொறி பறந்தால் தீப்பிடிக்கும். கேனையும் விமானத்தையும் செம்புக் கம்பியால் இணைத்த பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும் என்பது பயிற்சிக்கு வரும் மாணவனுக்கே தெரியும். நம்மிடம் இருப்பது பிளாஸ்டிக் கேன், பிளாஸ்டிக் புனல். கம்பியை எதில் மாட்டுவது? 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம், உரிமம் இல்லாமல் சிறிதளவு பெட்ரோல் வைத்திருப்பவருக்கே கண்ணாடி, பீங்கான், உலோகம் என்று மூன்று வகைக் கலங்களைத்தான் சொல்கிறது. உலோகம் என்றால் 25 லிட்டர் வரை. வீட்டில் கொஞ்சம் வைத்திருப்பவருக்கே அப்படியென்றால் விமானம் வைத்திருப்பவருக்கு? உருக்காலை இருக்கிற சேலத்தில், செவ்வாய்ப்பேட்டையில் பாத்திரக் கடைகள் வரிசையாக இருக்கும்போது, ஓர் இரும்புப் புனலுக்கு வழியில்லாமல் பிளாஸ்டிக்கில் ஊற்றிக்கொண்டிருக்கிறோம்.

இரண்டாவது, எந்தக் கேனில் எது இருக்கிறது என்பது. பயணிகளை ஏற்றி வரும் ஏடிஆர் விமானங்களுக்கு ஜெட் ஏ-1, ஏறக்குறைய மண்ணெண்ணெய். நம் பிஸ்டன் எஞ்சினுக்கு அது நஞ்சு. ஊற்றிவிட்டாலும் உடனே காட்டிக்கொடுக்காது. குழாயில் மிச்சமிருக்கும் நல்ல பெட்ரோலில் எஞ்சின் கிளம்பி, தரையைவிட்டு எழுந்த பிறகு நின்றுபோகும். அதனால்தான் ஜெட் எரிபொருள் குழாயின் முனையை அகலமாக, பெட்ரோல் தொட்டியின் வாய்க்குள் நுழையாதபடி செய்கிறார்கள். கேனும் புனலும் அந்தக் காவலைத் தாண்டிவிடுகின்றன. புனலுக்கு எல்லாம் ஒன்றுதான். நீல நிறத்தைப் பார்த்து ஏவ்கேஸ் என்று நாங்கள் உறுதி செய்கிறோம், நிரப்பிய பின் தொட்டியின் அடியிலிருந்து மாதிரி எடுத்துத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கிறோம். அந்த வேலையில் நாங்கள் குறை வைப்பதில்லை. அதற்குப் பாராட்டு அறிவிப்பு எதுவும் கதவில் ஒட்டப்பட்டதில்லை.

வரவேற்பறைக்குப் புதிய சோபா வந்தது, நல்லது. முகப்பில் ஒளிரும் பெயர்ப்பலகை வந்தது, அதுவும் நல்லது. இரவில் ஓமலூர் சாலையிலிருந்தே தெரிகிறது. 2023 அக்டோபரில் பயணிகள் விமானச் சேவை மீண்டும் தொடங்கியதிலிருந்து சேலத்துக்குச் சிறகு முளைத்துவிட்டது என்று மேடைதோறும் பேசுகிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் ஊர்ப் பிள்ளைகள் விமானி ஆகும் ஆசையோடு வருகிறார்கள். நிலத்தை விற்றுக் கட்டணம் கட்டுகிற பெற்றோரும் இருக்கிறார்கள். கட்டணம் வாங்கும் மேசையில் கணினி, அட்டை தேய்க்கும் கருவி, ரசீது அச்சிடும் இயந்திரம் எல்லாம் இருக்கின்றன. அந்தப் பணத்தில் பறக்கும் விமானத்துக்கு எண்ணெய் ஊற்றும் இடத்தில் மட்டும் ஏணியும் தோளும்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சோபாவின் மீது எங்களுக்குப் பகை இல்லை.

கேட்பது ஒரு கைப்பம்ப். நான் விசாரித்தவரை அதன் விலை, ஒரு மணி நேரப் பறப்புக்கு மாணவரிடம் வாங்கும் கட்டணத்தைத் தாண்டாது. வாங்கும்போது பெட்ரோலுக்கென்றே செய்ததா என்று கேட்டு வாங்குங்கள். விலை குறைவென்று தண்ணீர் இறைக்கும் மின்மோட்டாரை அனுப்பிவிட வேண்டாம், அதன் ஒரு பொறி போதும் கொட்டகை எரிய. அத்துடன் இணைப்புக் கம்பியும் கைப்பிடி உள்ள அகலமான படியும் சேர்ந்து வந்தால் நன்றி. பம்ப் வரும்வரை, உலோகக் கேன்களும் உலோகப் புனலும் தாருங்கள். ஊற்றும் நேரத்தில் ஏணி பிடிக்க ஓர் ஆளை விட்டுவையுங்கள். கதவில் இருக்கும் அறிவிப்பை அதுவரையாவது எடுத்துவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இந்த மாதச் சம்பளப் பட்டியல் தயாராகும் முன் பதில் வந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
எரிபொருள் நிரப்பும் ஊழியர்களில் ஒருவன்,
ஓமலூர் வட்டம், சேலம் மாவட்டம்.