ரத்த தானச் சங்கம், சேலம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

இந்த ஆண்டு முகாம்கள் தடையின்றி நடந்தன. அம்மாப்பேட்டை முகாமுக்கு நெசவாளர்கள் தறியை நிறுத்திய கையோடு வந்தார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஏற்காட்டுக்குப் போன குழுவுக்குத் தனி நன்றி. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

விரிவாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கல்லீரல் அறுவைச் சிகிச்சைக்காக நம்மவர்கள் கொடுத்த ரத்தம் அந்த நோயாளிக்கு ஏற்றப்படவில்லை. "வேலையை விட்டு ஓடிப்போய்க் கொடுத்தோமே" என்று சிலர் வருந்தினார்கள். விளக்கம் கேட்க அறுவைச் சிகிச்சை நிபுணர் ஒருவரை அழைத்தோம்.

கல்லீரலில் நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம் ஓடுகிறது. முக்கால் பங்கு, குடலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரை வழியாகவும் மீதி தமனி வழியாகவும் வருகிறது. ரத்தப்போக்கைக் குறைக்க, இரண்டும் சேர்ந்து நுழையும் இடத்தைச் சிறிது நேரம் இறுக்கிப் பிடிக்கும் முறையை, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பிரிங்கிள் 1908இல் எழுதினார். அது இன்றும் கையாளப்படுகிறது. இறுக்குவது எப்படி என்று காட்ட, டாக்டர் ஒரு நாடாவைக் குழாயில் கோத்து, முன்வரிசை உறுப்பினரின் விரலில் மாட்டி இறுக்கினார். விரலின் நிறம் மாறியதையும், தளர்த்தியதும் சிவந்ததையும் எல்லோரும் எட்டிப் பார்த்தோம். பொதுவாக 15 நிமிடம் இறுக்கி, 5 நிமிடம் விடுவார்களாம். விடாமல் பிடித்தால் கல்லீரல் செல்கள் நலியும். சிரோசிஸ் வந்த, அதாவது தழும்பேறி இறுகிய கல்லீரல் இன்னும் குறைவாகவே தாங்கும். எல்லா அறுவைக்கும் இது தேவைப்படுவதில்லை.

நாடா கட்டினாலும் கல்லீரலிலிருந்து வெளியேறும் சிரைகளில் கசிவு நிற்காது. அங்கேதான் மயக்க மருத்துவரின் திறமை. வெட்டி முடிக்கும்வரை சிரையில் ஏற்றும் திரவத்தைக் குறைத்து, சிரை அழுத்தத்தைத் தாழ்வாக வைக்கிறார். ரத்தப்போக்கும் ரத்தம் ஏற்றுவதும் குறைந்தால், பிந்தைய சிக்கல்களும் குறைகின்றன.

ஆகவே அந்த ரத்தம் மிஞ்சியது நோயாளியின் நல்ல நேரம். ஆனால் ரத்தம் தயாராக இல்லாமல் எந்த மருத்துவரும் கத்தியை எடுக்கத் துணியமாட்டார். மிஞ்சியதும் வீணாகாது: சிவப்பணுக்களை 42 நாள்வரை பாதுகாக்கலாம், பிரசவத்துக்கோ விபத்துக்கோ உதவும்.

எனவே, இனி ஒரு நோயாளியின் பெயருக்கென்று காத்திராமல், ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் முறைவைத்து ரத்த வங்கிக்குக் கொடுக்க வேண்டும் என்ற தீர்மானத்தை முன்மொழிகிறேன். சபையின் ஒப்புதலை வேண்டுகிறேன்.

செயலாளர்