ஃபண்டிங் மட்டும்தான் ஸ்டார்ட்அப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஞாயித்துக்கிழமை இணைப்புல ஸ்டார்ட்அப் பத்தின கட்டுரை படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா முழுக்க ஃபண்டிங் ஃபண்டிங்னே, அதாவது வெளி முதலீடு வாங்குறதைப் பத்தியே போயிடுச்சு. 1996-ல அட்வென்ட்நெட்ங்கிற பேர்ல ஆரம்பிச்ச சாஃப்ட்வேர் கம்பெனி ஸோஹோ, வெளி முதலீட்டாளர் காசு வாங்காமலே வளர்ந்துச்சு, அதைப் பத்தி ஒரு வரி கூட இல்லையே சார். ஃபண்டிங் தப்புன்னு சொல்லல, 2010-ல சென்னையில ஆரம்பிச்ச ஃப்ரெஷ்வொர்க்ஸ்ங்கிற சாஃப்ட்வேர் கம்பெனி முதலீடு வாங்கித்தான் 2021-ல அமெரிக்கப் பங்குச்சந்தை நாஸ்டாக் வரைக்கும் போச்சு, ஆனா அவங்களும் காசு கட்டுற கஸ்டமரைப் புடிச்சுக்கிட்டேதான் ஓடினாங்க.

இங்க பசங்க மாசக்கணக்கா ரூம்ல உக்காந்து ஜவுளிக்கடைக்கு பில்லிங் ஆப் எழுதுறாங்க, கொண்டுபோய்க் காட்டினா கடைக்காரர் "தம்பி, கடனுக்கு எடுத்துட்டுப் போறவங்க கணக்கை இதுல எங்க எழுதுறது"ன்னு கேக்குறாரு, அந்த ஸ்கிரீனே இல்ல! முதல் வாரமே கல்லாப்பெட்டி பக்கத்துல நின்னு பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.

அப்புறம் ஷேர் விஷயம். ரெண்டு ஃப்ரெண்ட்ஸ் சேந்தா உடனே பாதிக்குப் பாதி, எழுத்துல ஒண்ணும் கிடையாது, கொஞ்ச நாள்ல ஒருத்தருக்கு பெங்களூர்ல வேலை கிடைச்சு கிளம்பிடுவாரு, பாதிக் கம்பெனி அவர் பேர்ல சும்மா கிடக்கும், எந்த முதலீட்டாளர் கிட்ட வருவாரு? இதுக்குத்தான் வெஸ்டிங்னு ஒண்ணு இருக்கு, அதாவது கம்பெனியில இருக்க இருக்க ஷேர் கொஞ்சம் கொஞ்சமா சொந்தமாகும், முழுசா வர பொதுவா நாலு வருஷம், முதல் வருஷம் முடியறதுக்குள்ள போனா ஷேர் கிடையாது. ஃப்ரெண்டுகிட்ட கேக்க சங்கடமாத்தான் இருக்கும், இருந்தாலும் ஆரம்பத்துலயே எழுதிக்கணும்.

அடுத்த இணைப்புல இதைப் பத்தி ஒரு ஆடிட்டர்கிட்ட கேட்டுப் போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோவை