மருந்துப் பை ஞாயிறு: செயலாளரின் ஆண்டறிக்கை

நம் முதியோர் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சுற்றுலா இந்த வருடமும் போகவில்லை, காரணம் எல்லோருக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது மருந்துப் பையைப் பற்றி.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, சாப்பிடுகிற மாத்திரைகளை அப்படியே ஒரு பையில் அள்ளிக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள் என்றபோது, 'அதெல்லாம் என் பையன் பார்த்துக்குவான்' என்றுதான் பாதிப் பேர் சொன்னீர்கள். பையன் பார்த்துக்கொள்கிறான், சரி, விழுங்குவது நாம்தானே? முதல் மாதமே ஒரு அம்மாவின் பையில் இரண்டு அட்டைகள்; மேலே பெயர் வேறு, நிறம் வேறு, சின்ன எழுத்தில் பார்த்தால் இரண்டுமே அம்லோடிபின் என்கிற பிரஷர் மாத்திரை. இரண்டு டாக்டர்கள் தனித்தனியாக எழுதியது, ஒருவர் சீட்டை மற்றவரிடம் காட்டவேயில்லை. கால் வீங்கியதை வயதுக் கோளாறு என்று நினைத்து உப்பைக் குறைத்துக்கொண்டிருந்தார். அந்த மாத்திரைக்கே கால் வீங்கக்கூடும் என்றவர் நம் உறுப்பினரான ஓய்வுபெற்ற மருந்தாளுநர்தான்; கூடவே, 'நீங்களா நிறுத்தாதீங்க, ரெண்டையும் டாக்டர்கிட்ட காட்டுங்க' என்றும் கண்டிப்பாகச் சொன்னார். காட்டினார், ஒன்றை டாக்டரே நிறுத்தினார். இப்போது செருப்பு பழையபடி காலில் நுழைகிறது.

அதற்கப்புறம்தான் எல்லோரும் ஒரே தாளில் மாத்திரைப் பெயர், வேளை, கேட்க வேண்டிய கேள்வி என்று எழுத ஆரம்பித்தீர்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் நம்மை விட்டுவிட்டு மருமகளிடம் பேசினால், தாளை நீட்டி 'என்கிட்ட சொல்லுங்க டாக்டர்' என்று சொல்லுங்கள். நானே சொல்லிப் பார்த்தேன், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

பிரஷர் மிஷின் விஷயத்தில் ஒரு குறை. காபி குடித்த கையோடு, படியேறி வந்த மூச்சோடு, கதை பேசிக்கொண்டே கையை நீட்டுகிறீர்கள். காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகட்டும். அப்புறம் சாய்ந்து உட்கார்ந்து, கால் தரையில் பட, ஐந்து நிமிடம் வாயை மூடினால்தான் சரியான அளவு வரும். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர் பார்க்க வீட்டுக்கு வருபவர்களிடமும் இதே நிதானம் வேண்டும்.

யோகா வகுப்பு மூன்றே வாரத்தில் நின்றது. தவறு என்னுடையது, காலை ஐந்தரைக்கு வைத்தேன்.

முதியோர் உதவி எண் 14567 அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கிறது, யாரோ பாதியை அழித்துவிட்டார்கள், மறுபடி எழுத வேண்டும். மிஷினுக்கு பேட்டரி வாங்கிய ரசீதைப் பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன். சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றே கட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்