நடைபாதையில சைக்கிள் ஓட்டச் சொன்னவருக்கு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்ங்க.

போன ஞாயித்துக்கிழமை ரோட்டு விபத்து பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. நல்லாத்தான் இருந்துச்சு, கடைசில ஒரு வரி வர்ற வரைக்கும். "சைக்கிளில் செல்வோர் சாலையைத் தவிர்த்து நடைபாதையில் செல்வது பாதுகாப்பானது"ன்னு. எழுதுனவரு சேலத்துல எந்த நடைபாதையப் பாத்துட்டு எழுதுனாருன்னு கேட்டுச் சொன்னீங்கன்னா புண்ணியமாப் போகும், நானும் போய் ஒரு தடவை பாத்துட்டு வரேன்.

எனக்கு 58 வயசு. 31 வருஷமா அம்மாபேட்டையில இருந்து செவ்வாப்பேட்டை கொலுசுப் பட்டறைக்கு சைக்கிள்லதான் போறேன். இதே மாதிரி ஒருத்தர் சொன்ன யோசனையக் கேட்டு ரெண்டு வருஷம் முந்தி நடைபாதையில ஏறுனேன். ஒரு துணிக்கடை பார்க்கிங்ல இருந்து கார் வெளிய வந்துச்சு, டிரைவர் தம்பி ரோட்டத்தான் பாத்தாரே ஒழிய பிளாட்பாரத்துல சைக்கிள் வரும்னு அவருக்கு எப்படிங்க தோணும், அவரையும் தப்பு சொல்ல முடியாது. மணிக்கட்டு உடைஞ்சு ரெண்டு மாசம் கட்டு. மணிக்கட்டு இல்லாம பட்டறையில என்னத்தப் பண்றது, சம்பளமும் கிடையாது. அதுக்கு ரோட்டுலயே போயிருந்தா அவரு கண்ணுல பட்டிருப்பேன்னு இன்னைக்கும் நினைச்சுக்குவேன். விழுந்தப்ப பக்கத்துல பூ வித்துட்டிருந்த ஆயா மேல மோதாம போனது அந்த மாரியாத்தா புண்ணியம்.

நடைபாதை குறைஞ்சது 1.8 மீட்டர் அகலத்துக்கு ஒரு தடையுமில்லாம இருக்கணும்னு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் (கட்சி இல்லைங்க, ரோடு எப்படிப் போடணும்னு தரம் சொல்ற அமைப்பு) விதி வச்சிருக்குதாம், என் பேத்தி போன்ல காமிச்சா. அதுவும் நடக்கறவங்களுக்குங்க, சைக்கிளுக்கு இல்ல. எங்க வழியில டிரான்ஸ்பார்மர், பேக்கரி போர்டு, நிறுத்துன பைக்கு எல்லாம் போக மிச்சமிருக்கறதுல கோழிதான் நடக்கலாம். வயசானவங்க அதுல தடவித் தடவி நடக்கறப்ப பின்னாடி நான் பெல் அடிச்சுட்டு வரணுமா?

அந்தப் பேத்திக்கு பிளஸ் ஒன்ல கவர்மெண்ட் சைக்கிள் குடுத்தாங்க. சைக்கிள் குடுத்தவங்க ரோட்டுல ஓட்ட ஒரு முழம் இடம் குடுக்கலையே! அவங்கம்மா பயந்துக்கிட்டு ஷேர் ஆட்டோவுல அனுப்புது, சைக்கிள் மேல இப்ப துணி காயுது.

அஞ்சு ரோட்டு ரெட்டை அடுக்குப் பாலம் 2020ல தொறந்தப்ப முதல் பக்கத்துல கலர் போட்டோ போட்டீங்க, ஞாபகம் இருக்கும். மேல கார் பறக்குது, சந்தோசம். பாலத்துக்கு அடியில சைக்கிள்காரன் எப்படி அந்தப் பக்கம் போறான்னு ஒரு வரி எழுதுனீங்களா? நான் எழுதி அனுப்புனேன், அதையும் பாதியா வெட்டி, "போக்குவரத்து நெரிசல் அதிகம்"னு மட்டும் போட்டீங்க. நெரிசல்னா எழுதுனேன்?

சரி, விசயத்துக்கு வரேன். எங்க தெருமுக்குல மழைத்தண்ணி போற சாக்கடைக்கு இரும்புக் கம்பி மூடி போட்டிருக்காங்க. கம்பி ரோடு போற வாக்குலயே நீளமா இருக்கு, சைக்கிள் முன்சக்கரம் நேரா உள்ள எறங்கிடுது. அதக் கழட்டி குறுக்குவாக்குல திருப்பி வச்சாப் போதும், அரை மணி நேர வேலை. நீங்க எழுதுனா உடனே வருவாங்க, நான் ரெண்டு தடவை மனு குடுத்துப் பாத்துட்டேன். இந்தத் தடவையாவது வெட்டாமப் போடுங்க, இல்ல வெட்டுனாலும் மூடி பத்தின இந்த நாலு வரிய விட்ருங்க.

இப்படிக்கு,
கொலுசுப் பட்டறைத் தொழிலாளி,
அம்மாபேட்டை, சேலம்