நிஸ்வாவிலிருந்து அப்பாவுக்கு

நிஸ்வா, ஓமன்
தை மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவும் தங்கச்சியும் நலமா? போனில் ஏதாவது சொல்ல ஆரம்பித்தாலே "சரி சரி, காசு போகுது, வை" என்கிறீர்கள். அதனால்தான் கடிதம். தங்கச்சியை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பொங்கலுக்கு இங்கே லீவு ஏது? அடுத்து வந்த வெள்ளிக்கிழமை கேம்ப் ஆட்கள் காசு போட்டு வேன் பிடித்தோம். மறையூர்க்காரன் நான் ஒருத்தன்தான். மற்றபடி பாலக்காடு, கன்னியாகுமரி, ஆந்திரப் பக்கம் நகரியிலிருந்து ஒரு அண்ணன், அப்புறம் வங்காளதேசத்துக்காரர்கள். டிரைவர் மலையாளி. மறையூர் என்றதும் "சர்க்கரையா, சந்தனமா?" என்று கேட்டார். நம்ம ஊருக்குப் பெயர் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

ஜும்மா தொழுகைக்காக பஹ்லாவில் நின்றோம். பெரிய மண்கோட்டை, வெளியே நின்று பார்த்ததோடு சரி. புளிச்சோற்றை அங்கேயே முடித்துவிட்டு அல் அய்ன் போனோம்.

சின்ன ஊர். பேரீச்சந்தோப்பு, ஓரமாக வாய்க்கால். இதை ஃபலஜ் என்கிறார்கள். மலையடியில் ஊறும் தண்ணீரை இறக்கிக் கொண்டுவந்து, முறை வைத்துப் பாய்ச்சுகிறார்கள். முறைச் சண்டை இங்கேயும் உண்டாம், கேட்டுச் சிரித்தேன். பின்னால் ஜபல் மிஷ்த். செங்குத்தான மொட்டைப்பாறை, பேருக்கு ஒரு புல் கிடையாது. அதற்கு எதிரே ஒரு மேட்டின் முதுகில் வரிசையாகக் கல்லறைகள், மொத்தம் 21.

கிட்டப் போனால் நம் பாட்டி வீட்டு நெல் குதிர் போல வட்டமாக நிற்கின்றன. கட்டி ஐயாயிரம் வருஷத்தை ஒட்டி இருக்கும் என்கிறார்கள். இதையும், பக்கத்தில் பாத், அல் குத்ம் என்ற இடங்களையும் சேர்த்து 1988ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியிருக்கிறது. அந்தக் காலத்தில் இந்த மலைகளில்தான் செம்பு எடுத்து மெசப்பொட்டேமியாவுக்கு, அதாவது இப்போதைய ஈராக் பக்கம், அனுப்பினார்களாம். மெசப்பொட்டேமியாக்காரர்கள் களிமண் பலகைகளில் இந்த நாட்டை 'மாகன்' (Magan) என்று எழுதியிருக்கிறார்கள். சிந்துவெளிப் பாசிமணிகள்கூட இந்நாட்டுப் பழைய கல்லறைகளில் கிடைத்திருக்கின்றன. ஆக, நம் பக்கத்து ஆட்கள் இங்கே வந்துபோவது புதுசில்லை!

மற்றவர்கள் செல்பி எடுத்துக்கொண்டிருக்க, நான் கல்கட்டைத்தான் பார்த்தேன். மண் இல்லை, சுண்ணாம்பு இல்லை, வெறும் பலகைக்கல். ஒவ்வொரு வரியையும் கீழ்வரியைவிடக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்துக்கொண்டே போய், மேலே கூரையாக மூடியிருக்கிறார்கள். இரண்டு கல் சேரும் இடத்துக்கு மேலே அடுத்த வரிக் கல்லின் நடுப்பகுதி உட்கார்கிறது. கரும்புக்காட்டுச் சுவரில் நீங்கள் "இணைப்பு மேல இணைப்பு வராதேடா" என்று தலையில் குட்டிச் சொல்லித்தந்த அதே கணக்கு. வாசல் குனிந்து நுழையும் அளவுதான். உள்ளே நல்ல குளிர்ச்சி, கல்லிடுக்கில் வெளிச்சம் கோடு கோடாக விழுகிறது. சிலது சரிந்து குவியலாகக் கிடக்கிறது. நீங்கள் வந்திருந்தால் எந்தக் கல் முதலில் நழுவியிருக்கும் என்று சொல்லியிருப்பீர்கள்.

நகரி அண்ணனிடம் நம்ம ஊர் முனியறை, அந்தப் பழங்காலக் கல்லறையைப் பற்றிச் சொன்னேன். அது இதற்கு ரொம்பப் பிந்தியதுதான், கட்டும் வேறு: நாலு பக்கமும் பெரிய பலகைக்கல், மேலே ஒரு மூடுகல். ஆனால் அங்கே மூடுகல்லில் ஏறி உட்கார்ந்து பேர் கிறுக்குகிறான்கள். மழை வந்தால் ஆடு ஒதுங்குவதுகூடப் பரவாயில்லை. இங்கே கல்லில் ஒரு பேரும் என் கண்ணில் படவில்லை. சித்தப்பா பையனும் அவன் கூட்டாளிகளும் சாயங்காலம் அங்கேதான் போகிறான்களாம், கொஞ்சம் சத்தம் போட்டு வையுங்கள்.

இன்னொன்று. அவ்வளவு பெரிய மூடுகல்லை எப்படி ஏற்றியிருப்பார்கள் என்று எங்களுக்குள் பந்தயம். நகரி அண்ணன் யானை என்கிறார். நான் மண்ணைச் சரிவாகக் குவித்து இழுத்திருப்பார்கள் என்கிறேன். கோவில்கடவுப் பக்கம் போனால் முனியறையை ஒரு பார்வை பார்த்துவிட்டு உங்கள் கணக்கைச் சொல்லுங்கள். தோற்றவன் ஒரு வாரம் பாத்திரம் கழுவ வேண்டும்.

பணம் அனுப்பிவிட்டேன். ஆலைக்கூலி போக மிச்சத்தைத் தங்கச்சி ஃபீஸுக்கு வையுங்கள்.

உங்கள் மகன்