கடைசி ஓவரும் அரை நிமிடத் தாமதமும்

பாலக்கோடு

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. கேபிள் தொழில் என்ன கதி என்று கேட்டிருந்தாய். ஓடுகிறது. பழைய கருப்பு ஒயர் போன கம்பத்திலேயே ஃபைபர் இழுத்து நெட் கனெக்‌ஷன் கொடுக்கிறேன். கேபிள் பாக்ஸைத் திருப்பிக் கொடுக்கிறவர்களே அடுத்த வாரம் நெட் கேட்டு வருகிறார்கள். மிச்சமிருக்கிற கேபிள் வீடுகளைத் தாங்குவது சீரியலும் கிரிக்கெட்டும்தான். கிரிக்கெட்டும் கைநழுவிக்கொண்டிருக்கிறது.

2022-இல் நடந்த ஒளிபரப்பு உரிமை ஏலத்திலேயே இது தெரிந்துபோனது. ஐந்து வருட ஐபிஎல்லுக்கு டிவி உரிமை 23,575 கோடி ரூபாய்; இந்தியாவுக்குள் நெட்டில் காட்டும் உரிமை 23,758 கோடி. அடுத்த வருடம் ஜியோசினிமா ஆப்பில் முழு சீசனும் இலவசம். கடைசி இரண்டு பந்தில் ஜடேஜா சிக்ஸும் ஃபோரும் அடித்து முடித்தானே, அந்த ஃபைனலில் ஒரு கட்டத்தில் 3.2 கோடிப் பேர் ஒரே நேரத்தில் பார்த்ததாகக் கணக்குச் சொன்னார்கள். சும்மா கொடுக்கிறார்கள் என்றாலே எனக்குச் சந்தேகம்தான். 2024 நவம்பரில், டிவி உரிமை வாங்கின ஸ்டாரும் நெட் உரிமை வாங்கின வயாகாம்18-ம் ஒரே கம்பெனியாகிவிட்டன. 2025 சீசனில் ரீசார்ஜோடு சேர்த்தோ தனியாகவோ காசு வந்துவிட்டது. டிவியோ போனோ, இப்போது கல்லா ஒன்றுதான்.

எனக்கு உறுத்துவது வேறு. கேபிளில் ஒரே சிக்னல். பத்து வீடு பார்த்தாலும் ஆயிரம் வீடு பார்த்தாலும் சிக்னலை அனுப்புகிற ஹெட் எண்டுக்கு வேலை ஒன்றுதான். நெட்டில் ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டும். அதனால்தான் எல்லோரும் உள்ளே வருகிற கடைசி ஓவரில் வட்டம் சுற்றுகிறது. அப்புறம் தாமதம். படத்தைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் நாலைந்து தரத்தில் தயார் செய்து அனுப்புகிறார்கள். போன் இரண்டு மூன்று துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் ஓட்டும். அரை நிமிடம்கூடப் பின்தங்கிவிடும். எங்கள் தெரு டீக்கடையில் கேபிள், எதிரே மெடிக்கல் ஷாப் பையன் கையில் போன். டீக்கடையில் "அவுட்டு!" என்று கூச்சல் போடும்போது பையனின் போனில் பவுலர் பந்தைத் தேய்த்துக்கொண்டு நிற்பான். "அண்ணே, கொஞ்ச நேரம் கத்தாம பாருங்கண்ணே" என்று சண்டைக்கே வந்துவிட்டான் பாவம்.

பென்னாகரம் பக்கத்து மலை ஊர்களில் மாதச் சந்தா இல்லாத தூர்தர்ஷன் ஃப்ரீ டிஷ் குடை வைத்துப் பார்க்கிறவர்கள் நிறைய. இந்தியா ஆடுகிற முக்கியமான மேட்ச்களைத் தூர்தர்ஷனுக்கும் கொடுக்க வேண்டும் என்று 2007-லேயே சட்டம் வந்ததால்தான் அவர்களுக்கு அந்த மேட்ச்களாவது கிடைக்கின்றன. ஐபிஎல் அந்தக் கணக்கில் வராது. ஆனால் அந்தச் சட்டம் டிவி ஒளிபரப்பை மனதில் வைத்து எழுதினது. நாளைக்கு ஒரு தொடரை நெட்டில் மட்டும் காட்டுவோம் என்று எவனாவது கிளம்பினால் என்ன ஆகும்? டவரே கிடைக்காத ஊரில் போய் டேட்டா பேக் போடு என்று சொல்ல முடியுமா?

நெட்டிலேயே ஒரே நகலை எல்லா வீட்டுக்கும் பிரித்து அனுப்ப மல்டிகாஸ்ட் என்று ஒரு வழி இருக்கிறது. நம் பழைய கேபிள் மாதிரியேதான். உன் மாப்பிள்ளை ஓசூரில் நெட்வொர்க் வேலையில்தானே இருக்கிறார்? என்னைப் போன்ற சின்ன ஆபரேட்டர் அதைச் செய்ய என்னென்ன வேண்டும், ஆப் வைத்திருக்கிறவர்கள் சம்மதிப்பார்களா என்று கேட்டு எழுது.

அன்புடன்,
முருகேசன்